ரெக்கார்டு நோட்டும் அப்சர்வேஷன் நோட்டும்: 1969 குடியரசுத் தலைவர் தேர்தலை வைத்து ஒரு வாதப் பயிற்சி



இந்தப் பாடத்தை லேப்பில் இருந்து ஆரம்பிக்கலாம். நம்ம எல்லார்கிட்டயும் ரெண்டு நோட்டு இருக்கும். ஒன்று அப்சர்வேஷன். மெஷின் பக்கத்துல நின்னு அவசரமா எழுதினது, அடித்தல் திருத்தல், எண்ணெய்க் கறை எல்லாம் இருக்கும். இன்னொன்று ரெக்கார்டு. ஹாஸ்டல்ல உட்கார்ந்து ஸ்கேல் வச்சு கோடு போட்டு எழுதினது. அதில் ஒரு ரீடிங் கூடத் தப்பா வராது. கிராஃப் எல்லாம் நூல் பிடிச்ச மாதிரி நேர்கோடு. ஏன்? ரெக்கார்டு எழுதும்போது விடை என்னன்னு நமக்கு ஏற்கெனவே தெரியும்!

ஒரு அரசியல்வாதியோட 'ரெக்கார்டு' என்று நாம் பேசுவதும் பெரும்பாலும் இப்படித்தான். முடிவு தெரிந்த பிறகு, அந்த முடிவுக்குப் பொருந்துகிற மாதிரி எழுதின நோட்டு அது.

இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு கல்லூரிகளுக்கு இடையிலான வாதப் போட்டி. தலைப்பு: '1969-இல் வென்றது மனசாட்சியா, துரோகமா?' சீட்டுக் குலுக்கியதில் எனக்கு 'மனசாட்சி' அணி. வி.வி. கிரியை ஹீரோ ஆக்கி, நீலம் சஞ்சீவ ரெட்டியை வில்லன் ஆக்கி வெளுத்து வாங்கினேன். நல்ல கைதட்டல். இரண்டாம் பரிசு. டீ குடிக்கிற இடத்தில் நடுவர் என்னைக் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர்.

"நல்லா பேசினே தம்பி. ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? அந்த எலெக்‌ஷன் ஆகஸ்ட் 16. ஆகஸ்ட் 15 ராத்திரி இதே பேச்சை உன்னால பேசியிருக்க முடியுமா?"

டீ ஆறிப்போச்சு. பதில் வரலை. ஏன்னா நான் சொன்ன காரணம் எல்லாமே கிரி ஜெயித்தார், அப்புறம் 1971 தேர்தலில் இந்திரா காந்தி பெரிதாக ஜெயித்தார் என்பதில் இருந்து வந்தவை. ஜெயித்ததால் சரி. அவ்வளவுதான் என் வாதம். சஞ்சீவ ரெட்டி அதுவரைக்கும் என்ன செய்தார் என்று ஒரு வரி கூட நான் படித்திருக்கவில்லை.

அதனால இந்தப் பாடம். ஒரு வேட்பாளரின் அரசியல் வரலாற்றையும் கட்சி விசுவாசத்தையும் எப்படி விவாதிப்பது? 1969-ஐயே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போவோம்.

முதலில் என்ன நடந்தது?

1969 மே 3. குடியரசுத் தலைவர் ஜாகீர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைக் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி. கிரி தற்காலிகக் குடியரசுத் தலைவர் ஆனார். அடுத்த தலைவர் யார்?

அப்போது மத்தியில் காங்கிரஸ் ஆட்சி. பிரதமர் இந்திரா காந்தி. ஆனால் கட்சி அமைப்பு அவர் கையில் இல்லை. கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, நம்ம காமராஜர், எஸ்.கே. பாட்டீல், அதுல்ய கோஷ் போன்ற மூத்த தலைவர்கள் கொண்ட குழுவைப் பத்திரிகைகள் 'சிண்டிகேட்' என்று அழைத்தன. ஜூலை மாதம் பெங்களூரில் கூடியபோது கட்சியின் நாடாளுமன்றக் குழு, பெரும்பான்மை முடிவாக சஞ்சீவ ரெட்டியை வேட்பாளர் ஆக்கியது. இந்திரா முன்வைத்த ஜகஜீவன் ராம் பெயர் எடுபடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். கிரி சுயேச்சையாக நிற்பதாக அறிவித்தார். ஜூலை 16-இல் மொரார்ஜி தேசாயிடம் இருந்து நிதித்துறையை இந்திரா எடுத்துக்கொண்டார். ஜூலை 19-இல் 14 பெரிய வங்கிகளை தேசியமயமாக்கும் அவசரச் சட்டம் வந்தது. அதில் கையெழுத்துப் போட்டவர் தற்காலிகக் குடியரசுத் தலைவர் கிரி. மறுநாள், ஜூலை 20, கிரி ராஜினாமா செய்தார். தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா தற்காலிகக் குடியரசுத் தலைவர் ஆனார்.

ரெட்டியின் வேட்புமனுவை முன்மொழிந்தவர்களில் இந்திராவும் உண்டு. ஆனால் வாக்குப்பதிவு நெருங்கும்போது, காங்கிரஸ் உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்ற நிலைக்கு அவர் வந்துவிட்டார். ஆகஸ்ட் 16 வாக்குப்பதிவு. ஆகஸ்ட் 20 எண்ணிக்கை. கிரி வெற்றி.

இது தான் பரிசோதனை. இப்போ நோட்டைத் திறப்போம்.

படி 1: முடிவுக்கு முந்தைய ரீடிங்கை மட்டும் எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் '1969 ஆகஸ்ட் 15 வரை' என்று தலைப்பு எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் நடந்த எதுவும் இந்தத் தாளில் வரக்கூடாது. இதுதான் அப்சர்வேஷன் நோட்.

வி.வி. கிரி: 1894-இல் பெர்ஹாம்பூரில் பிறந்தவர். அயர்லாந்தின் டப்ளினில் சட்டம் படித்தார். ஊர் திரும்பியதும் ரயில்வே தொழிலாளர்களைத் திரட்டினார். அகில இந்திய தொழிற்சங்க காங்கிரசுக்கு இரண்டு முறை தலைவர். 1937-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சர். விடுதலைக்குப் பிறகு இலங்கையில் இந்தியாவின் ஹை கமிஷனர். 1952-இல் நேரு அமைச்சரவையில் தொழிலாளர் துறை. அப்புறம் உத்தரப் பிரதேசம், கேரளா, மைசூர் என மூன்று மாநிலங்களில் ஆளுநர். 1967-இல் துணைக் குடியரசுத் தலைவர்.

இதில் அடிக்கோடு போட வேண்டிய ஆண்டு 1954. வங்கி ஊழியர்களின் சம்பளத் தகராறில் தீர்ப்பாயம் ஒரு தீர்ப்புத் தந்தது. அரசு அதை ஊழியர்களுக்குப் பாதகமாகத் திருத்தியது. கிரி அமைச்சர் பதவியை விட்டு வெளியேறினார். அவர் சொந்தக் கட்சியின் அரசு. நேரு உச்சத்தில் இருந்த நேரம்.

நீலம் சஞ்சீவ ரெட்டி: 1913-இல் அனந்தபூர் மாவட்டத்தில் பிறந்தவர். 1956-இல் ஆந்திரப் பிரதேசம் உருவானபோது அதன் முதல் முதலமைச்சர். 1960 முதல் 1962 வரை காங்கிரஸ் கட்சித் தலைவர். 1962-இல் மறுபடியும் முதலமைச்சர். பிறகு சாஸ்திரி, இந்திரா இருவரின் அமைச்சரவையிலும் மத்திய அமைச்சர். 1967-இல் மக்களவை சபாநாயகர்.

இவர் பக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு அடிக்கோடு. 1964-இல், பேருந்து வழித்தடங்களை அரசுடைமை ஆக்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர் அரசைப் பற்றிக் கடுமையாகக் குறிப்பிட்டது. முதலமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார். 1967-இல் சபாநாயகர் ஆனதும், அந்த நாற்காலி எந்தக் கட்சிக்கும் சொந்தம் இல்லை என்று காட்ட காங்கிரஸ் உறுப்பினர் பதவியில் இருந்தே விலகினார்.

மேடையில் நான் 'கட்சி மேலிடத்தின் கைப்பாவை' என்று திட்டின ஆள், ஒரு நாற்காலியின் நடுநிலைக்காகக் கட்சியை விட்டவர்! இது தெரியாமலே எனக்கு இரண்டாம் பரிசு.

போட்டியில் மூன்றாவதாக ஒருத்தர் இருந்தார், பலபேர் மறந்துடுவாங்க. சி.டி. தேஷ்முக். சுதந்திரா கட்சியும் ஜனசங்கமும் ஆதரித்த வேட்பாளர். ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநர். பிறகு நேருவின் நிதியமைச்சர். பம்பாய் நகரத்தை மகாராஷ்டிரத்தோடு சேர்க்காமல் வைக்க நினைத்ததை எதிர்த்து 1956-இல் அவரும் ராஜினாமா.

இப்போ தாளைப் பாருங்க. 1954, 1956, 1964. முக்கியமான மூன்று வேட்பாளர்களும் ஒரு கட்டத்தில் பெரிய பதவியைத் தூக்கிப் போட்டவர்கள். 'கொள்கைக்காக நின்றவர் Vs பதவிக்காக வளைந்தவர்' என்ற என் கிராஃப், அப்சர்வேஷன் நோட்டைத் திறந்தவுடனே கிழிந்துவிட்டது.

படி 2: விசுவாசம் என்றால் யாருக்கு என்று கேளுங்கள்

'விசுவாசம்' என்ற சொல்லுக்கு யூனிட் கிடையாது. யூனிட் இல்லாமல் வெறும் நம்பர் எழுதினால் வைவாவில் என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். அதே விதி இங்கேயும். யாருக்கு விசுவாசம்? 1969-இல் குறைந்தது நான்கு பதில்கள் இருந்தன.

ஒன்று, கட்சியின் முடிவுக்கு. நிஜலிங்கப்பா தரப்பின் வாதம் இதுதான்: குழு கூடியது, பெரும்பான்மை முடிவு எடுத்தது, தோற்றவர்களும் அதை ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் கட்சி எதற்கு? இது லேசான வாதம் இல்லை. நம்ம டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கே கமிட்டியில் ஓட்டுப் போட்டு முடிவெடுத்த பிறகு ஒருத்தர் தனி ரூட் எடுத்தால் மற்றவர்களுக்கு எவ்வளவு கோபம் வரும்?

இரண்டு, கட்சியின் கொள்கைக்கு. இந்திரா தரப்பின் வாதம்: சோஷலிசப் பாதை என்று கட்சியே தீர்மானம் போட்டிருக்கிறது, அதற்குத் தடையாக இருக்கிற குழு நிறுத்தும் வேட்பாளரை ஏற்பதுதான் துரோகம்.

மூன்று, பதவிக்கு. குடியரசுத் தலைவர் எந்தக் கட்சிக்கும் ஆள் இல்லை, அரசமைப்புச் சட்டத்துக்குத்தான் அவர் உறுதிமொழி எடுக்கிறார். அப்படியானால் 'கட்சிக்கு எவ்வளவு விசுவாசமானவர்' என்பது இந்தப் பதவிக்குத் தகுதியா, தடையா?

நான்கு, ஒரு நபருக்கு. இந்த வகை விசுவாசத்தை யாரும் மேடையில் சொல்ல மாட்டார்கள். ஆனால் பல முடிவுகளின் அடியில் இதுதான் இருக்கும். இந்திராவுக்காகவா, காமராஜருக்காகவா என்று யோசித்தே வாக்களித்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்திருப்பார்கள்.

விவாதத்தில் எதிராளி "அவர் துரோகி" என்றால் உடனே "யாருக்கு?" என்று கேளுங்கள். பாதி சண்டை அங்கேயே தெளிந்துவிடும். பல நேரம் ரெண்டு பேரும் வேற வேற யூனிட்ல அளந்துட்டு இருப்பாங்க.

இங்கே ஒரு சட்டத் தகவலும் அவசியம். குடியரசுத் தலைவர் தேர்தல் ரகசிய வாக்கெடுப்பு. சட்டமன்றத்தில் மசோதாவுக்கு ஓட்டுப் போடச் சொல்லிக் கொறடா உத்தரவு போடுவது போல இங்கே கட்சிகள் போட முடியாது. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகும் இந்த வாக்கு அதற்குள் வரவில்லை. ஆக 1969-இல் கட்சி வேட்பாளருக்கு எதிராக வாக்களித்த காங்கிரஸ் உறுப்பினர்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. ஆனால் 'சட்டத்தை மீறவில்லை' என்பதும் 'சரியாக நடந்தார்' என்பதும் ஒன்று இல்லை. வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட்ட ஒருத்தர், பிறகு அந்த வேட்பாளருக்குப் பின்னால் நிற்காமல் போனது இன்னொரு தராசில் வரும். அதை 'மனசாட்சி' என்ற ஒரே சொல்லால் மூடிவிட முடியாது. மனசாட்சி அணியில் பேசிய நான் அந்தக் கையெழுத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை!

படி 3: ஆளை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

ஒரு கேஜ் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்போம்? தெரிந்த அளவுள்ள இரண்டு பொருளை அதில் வைத்துப் பார்ப்போம். வாதத்துக்கும் அதே காலிபரேஷன் உண்டு.

1969-இல் எழுந்த பெரிய குற்றச்சாட்டு ஒன்று. ரெட்டிக்கு இரண்டாம் விருப்ப வாக்குகள் கேட்டு நிஜலிங்கப்பா, ஜனசங்கம், சுதந்திரா கட்சித் தலைவர்களைச் சந்தித்தார். "எதிர்க்கட்சிகளோடு கூட்டுச் சதி" என்றது இந்திரா தரப்பு. நானும் மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன்.

சரி, ஆளை மாற்றிப் போடுவோம். கிரிக்கு ஆதரவு எங்கிருந்து வந்தது? இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், திமுக, அகாலி தளம், முஸ்லிம் லீக். இவர்களில் யாரும் காங்கிரஸ் இல்லை. நம்ம ஊரில் காங்கிரசைத் தோற்கடித்து திமுக ஆட்சிக்கு வந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. எதிர்க்கட்சி ஓட்டு வாங்குவது துரோகம் என்றால் இரண்டு பக்கமும் துரோகம். தப்பில்லை என்றால் இரண்டு பக்கமும் தப்பில்லை. ஒரு பக்கத்துக்கு மட்டும் முள் நகர்கிறது என்றால், பழுது கேஜில்தான்.

இதேபோல 'ரெட்டி ஒரு குழுவின் ஆள்' என்ற வாதம். உண்மைதான், அவரை சிண்டிகேட்டின் ஆளாகத்தான் எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் கிரியை முன்னுக்குக் கொண்டுபோனதும் இன்னொரு குழுவின் பலம்தானே? ஒருவேளை நீங்கள் 'அந்தக் குழுவை விட இந்தக் குழுவின் கொள்கை மேல்' என்று வாதிடலாம். தாராளமாக வாதிடுங்கள். அப்போ அது கொள்கை பற்றிய வாதம். அதை ஒரு தனி மனிதரின் நேர்மை பற்றிய வாதமாக வேஷம் போட்டுக் கொண்டுவராதீர்கள்.

படி 4: கணக்குப் போடுங்கள்

நாம இன்ஜினியரிங் மாணவர்கள். கணக்கு இல்லாமல் பாடம் முடியுமா?

குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். எம்.எல்.ஏ.வின் வாக்கு மதிப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மாநில மக்கள்தொகையை, தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, மறுபடி 1,000-ஆல் வகுக்க வேண்டும். 1961 கணக்கெடுப்பில் நம் மாநிலத்தின் மக்கள்தொகை 3,36,86,953. உறுப்பினர்கள் 234. வகுத்தால் 143.96. ஆக ஒரு எம்.எல்.ஏ.வுக்கு 144. (இப்போது 1971 கணக்கெடுப்பை வைத்து 176.) எல்லா எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பை எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு எம்.பி.யின் மதிப்பு. 1969-இல் அது 576.

களத்தில் 15 வேட்பாளர்கள். செல்லுபடியான வாக்கு மதிப்பு 8,36,337. வெல்லத் தேவையான ஒதுக்கீடு, அதில் பாதிக்கு மேல்: 4,18,169.

முதல் விருப்ப வாக்குகள்:
கிரி – 4,01,515
ரெட்டி – 3,13,548
தேஷ்முக் – 1,12,769
மீதி, மற்ற 12 பேருக்கு.

யாரும் ஒதுக்கீட்டைத் தொடவில்லை. கடைசியில் இருப்பவரில் தொடங்கி ஒவ்வொருவராக நீக்கி, அந்தச் சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கோ அவருக்குச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். தேஷ்முக்கும் நீக்கப்பட்ட பிறகு:

கிரி – 4,20,077
ரெட்டி – 4,05,427

கவனியுங்கள். மாற்றி வந்த வாக்குகளில் ரெட்டிக்குக் கிடைத்தது 91,879. கிரிக்கு 18,562 மட்டும். நிஜலிங்கப்பா எதற்காக அந்தச் சந்திப்புகளுக்குப் போனார் என்பது இந்த ஒரு வரியில் தெரியும். அந்தத் திட்டம் கிட்டத்தட்ட வேலை செய்தது.

இறுதி வித்தியாசம் 14,650. இதில் பாதி 7,325. ஒரு எம்.பி.க்கு 576 என்றால், 7,325 ÷ 576 = 12.7. அதாவது, கிரிக்குப் போட்ட எம்.பி.க்களில் 13 பேர் மட்டும் மனசை மாற்றி ரெட்டிக்குப் போட்டிருந்தால் வரலாறு வேறு.

13 பேர்! நம்ம கிளாஸில் ஒரு பெஞ்ச் வரிசை. அந்த 13 பேர் மாறியிருந்தால், இன்றைக்கு நாம் படிக்கிற ரெக்கார்டு நோட்டில் 'கட்சிக் கட்டுப்பாட்டின் வெற்றி' என்று தலைப்பு இருந்திருக்கும். கிரி 'பதவி ஆசையால் கட்சியை மீறிக் கெட்டவர்' ஆகியிருப்பார். ஆனால் 1954-இல் அவர் செய்தது ஒரு எழுத்து கூட மாறியிருக்காது. 1967-இல் ரெட்டி செய்ததும் அப்படியே இருந்திருக்கும். நடுவர் ஐயா கேட்ட கேள்வியின் அர்த்தம் எனக்கு இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் முழுசாக விளங்கியது.

படி 5: ரெக்கார்டையும் அவதூறையும் பிரியுங்கள்

அந்தத் தேர்தலில் சஞ்சீவ ரெட்டியின் தனிப்பட்ட ஒழுக்கத்தைத் தாக்கி, பெயர் போடாத ஒரு துண்டறிக்கை சுற்றியது. நாடாளுமன்ற மைய மண்டபத்திலேயே அது கொடுக்கப்பட்டது என்று புகார். தேர்தல் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் மனுக்கள் போடப்பட்டன. குடியரசுத் தலைவராகப் பதவியில் இருந்தபடியே கிரி நீதிமன்றத்தில் நேரில் சாட்சியம் அளித்தார். 1970-இல் மனுக்கள் தள்ளுபடி ஆயின.

இதில் நமக்கு என்ன பாடம்? ஒரு தகவலை மேடையில் சொல்வதற்கு முன் மூன்று கேள்வி: இதைச் சொன்னது யார், பெயர் இருக்கிறதா? அந்த ஆள் பொதுப் பதவியில் செய்த காரியமா இது? இது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அவர் நிற்கிற பதவிக்கு இதற்குச் சம்பந்தம் உண்டா? மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் அது ரெக்கார்டு கணக்கில் வராது. அன்றைக்குத் துண்டறிக்கை, இன்றைக்கு 'பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்று மேலே குறியோடு வரும் வாட்ஸ்அப் செய்தி. ரெண்டும் ஒரே குடும்பம்.

படி 6: பிறகு நடந்ததை இப்போது படியுங்கள்

இப்போ தாளைத் திருப்பி, ஆகஸ்ட் 20-க்குப் பிறகு நடந்ததை எழுதலாம். இதைக் கடைசியில் படிப்பது ஏன் நல்லது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

நவம்பர் 1969: இந்திரா காந்தி கட்சியில் இருந்து நீக்கப்பட்டார். காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது.

கிரி: 1954-இல் நேரு அரசோடு உடன்படாமல் வெளியே வந்த அதே மனிதர், குடியரசுத் தலைவராக இந்திரா அரசின் முடிவுகளுக்குத் தடையே சொல்லாதவர் என்ற விமர்சனத்தைச் சம்பாதித்தார். 1970-இல் மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்து அவர் பிறப்பித்த ஆணையை, அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

ரெட்டி: சில ஆண்டு அரசியலில் இருந்தே ஒதுங்கி இருந்தார். 1977-இல் ஜனதா கட்சி சார்பில் நந்தியால் தொகுதியில் வென்றார். ஆந்திரா முழுக்க காங்கிரஸ் அலை அடித்தபோது, அந்த மாநிலத்தில் ஜெயித்த ஒரே காங்கிரஸ் அல்லாத எம்.பி. அவர். மறுபடி சபாநாயகர். சில மாதங்களில் குடியரசுத் தலைவர் தேர்தல். 37 பேர் மனுப் போட்டதில் 36 மனுக்கள் தள்ளுபடி. போட்டியே இல்லாமல் ரெட்டி குடியரசுத் தலைவர் ஆனார். 1969-இல் எந்த மனிதர் வரவே கூடாது என்று ஒரு பாதி காங்கிரஸ் போராடியதோ, எட்டே ஆண்டில் அவரை எதிர்த்துக் களத்தில் ஒருத்தரும் இல்லை!

இந்தப் பின்கதையைப் படித்துவிட்டு "அப்போ ரெட்டிதான் நல்லவர், கிரி ஏமாற்றிட்டார்" என்று உடனே கட்சி மாறினால், நான் மேடையில் செய்த அதே தப்பை எதிர்ப்பக்கம் நின்று செய்கிறீர்கள். பின்னால் வந்த ரீடிங்கும் ரீடிங்தான். அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை வைத்து முன்னால் எழுதியதை அழிக்காதீர்கள். 1954-இன் கிரி உண்மை, 1970-இன் கிரியும் உண்மை. ஒரு மனிதருக்குள் இரண்டும் இருக்கலாம். 'இவருக்கு இந்த ரெக்கார்டு இருக்கு, அதனால நாளைக்கும் இப்படித்தான் இருப்பார்' என்று எக்ஸ்ட்ராபொலேஷன் செய்வதில் எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

சரி, அப்போ எதைத்தான் நம்புவது?

என் பதிலைச் சொல்கிறேன், ஏற்கணும்னு இல்லை. ஒருத்தர் கட்சியோடு நின்றாரா, கட்சியை மீறினாரா என்பதை விட, அப்படிச் செய்தபோது எதை இழந்தார் என்று பார்க்கிறேன். 1954-இல் கிரி அமைச்சர் பதவியை இழந்தார். 1969-இல் துணைக் குடியரசுத் தலைவர் பதவியை விட்டுவிட்டு, ஜெயிப்போமா என்று தெரியாத போட்டிக்கு 74 வயதில் இறங்கினார். 1967-இல் ரெட்டி கட்சி உறுப்பினர் அட்டையை விட்டார். 1969-இல் போட்டியிட சபாநாயகர் நாற்காலியையும் விட்டார். விலை கொடுத்து எடுத்த முடிவுக்கு ஒரு எடை உண்டு. கட்சியில் இருப்பதும் லாபம், மீறுவதும் லாபம் என்ற இடத்தில் எடுத்த முடிவு எவ்வளவு அழகான வார்த்தையில் வந்தாலும், அந்த எடை அதற்கு இல்லை. இந்த அளவுகோலில் 1969-இன் இரண்டு வேட்பாளர்களும் மரியாதைக்கு உரியவர்கள்தான். கடினமான கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெரும்பாலும் அவர்களை நிறுத்தி, அவர்கள் பெயரில் வேறொரு சண்டை போட்டவர்கள்.

உங்களுக்கான பயிற்சி

1. 'கட்சி முடிவு எடுத்த பிறகு மீறக்கூடாது' என்ற பக்கம் நின்று மூன்று நிமிடம் பேசுங்கள். நிபந்தனை: 1969 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு நடந்த எதையும் சொல்லக்கூடாது. பிறகு அதே நிபந்தனையோடு எதிர்ப்பக்கம்.

2. உங்களுக்குப் பிடித்த தலைவர் ஒருவர், பிடிக்காத தலைவர் ஒருவர். இருவரும் கட்சியை மீறின அல்லது கட்சி மாறின சந்தர்ப்பம் ஒவ்வொன்றை எழுதுங்கள். இரண்டிலும் பெயர்களை மட்டும் மாற்றி நண்பரிடம் கொடுங்கள். அவர் தீர்ப்பும் உங்கள் தீர்ப்பும் ஒன்றாக வருதா பாருங்கள்.

3. கணக்கு: இன்றைய தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் வாக்கு மதிப்பு 176 என்பதை வைத்து, 234 பேரின் மொத்த மதிப்பைக் கண்டுபிடியுங்கள். இது எளிதுதான். இதை மட்டும் செய்துவிட்டு முதல் இரண்டைத் தாண்டிப் போகாதீங்க!

நம்மில் பலருக்கு முதல் ஓட்டு வரப்போகிறது, சிலர் போட்டும் இருப்போம். குடியரசுத் தலைவருக்கு நாம் நேராக ஓட்டுப் போடுவதில்லை. ஆனால் அங்கே ஓட்டுப் போடுகிறவர்களை அனுப்புவது நாம்தான். அடுத்த முறை மெஸ்ஸில் யாராவது "அவன் ரெக்கார்டைப் பாரு மச்சி" என்று ஆரம்பித்தால், தட்டை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்சர்வேஷன் நோட்டைக் காட்டு, பார்க்கலாம்."

நடுவர் ஐயாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல ஒரு பதில் இருக்கிறது: "இல்லைங்க ஐயா, ஆகஸ்ட் 15 ராத்திரி அந்தப் பேச்சைப் பேசியிருக்க முடியாது. ஆனா இப்போ வேற ஒரு பேச்சு எழுதி வச்சிருக்கேன்."